கிட் லென்ஸுக்கு அடுத்து எது?

கேள்வி: என்னிடம் 18-55 மி.மீ. கிட் லென்ஸுடன் (கேமராவோடு சேர்த்தே தரும் லென்ஸ்) வந்த டி.எஸ்.எல்.ஆர். இருக்கிறது. வீட்டுக்குள் குழந்தையைப் படமெடுத்தால் கலங்கிவிடுகிறது. குறைந்த செலவில் எந்த லென்ஸ் வாங்கலாம்?

பதில்: ஜூம் இல்லாத, எஃப் 1.8 துளை கொண்ட பிரைம் லென்ஸ் வாங்குங்கள். எஃப் எண் சிறியதானால் துளை பெரிது. உங்கள் லென்ஸ் 55 மி.மீ.யில் எஃப் 5.6 வரைதான் திறக்கும். எஃப் 1.8 கிட்டத்தட்ட 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். 1/15 விநாடியில் கலங்கிய படத்தை 1/125-இல் எடுத்துவிடலாம். ஓடியாடும் குழந்தைக்கு அந்த வேகம் கட்டாயம் வேண்டும்.

எல்லோரும் சொல்வது 50 மி.மீ. விலை குறைவு, முகங்களுக்கு அருமை. ஆனால் தொடக்கநிலை கேமராக்களின் சிறிய சென்சாரில் அது 75 அல்லது 80 மி.மீ. லென்ஸ் போல நெருக்கமாகத்தான் தெரியும், சின்ன அறையில் பின்னால் நகர இடமிருக்காது. அப்படியானால் 35 மி.மீ.தான் என் தேர்வு. வாங்குமுன் கிட் லென்ஸை 35-இலும் 50-இலும் ஒவ்வொரு நாள் நிறுத்தி எடுத்துப் பாருங்கள், விடை கிடைத்துவிடும்.

நிக்கான் டி3000, டி5000 வரிசைக்காரர்கள் கவனிக்க: அவற்றின் உடலில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏ.எஃப்-டி லென்ஸ் மலிவாகக் கிடைத்தாலும் கையால்தான் ஃபோகஸ் செய்யவேண்டும். மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருக்கும் ஏ.எஃப்-எஸ் வகையைப் பார்த்து வாங்குங்கள்.

எஃப் 1.8-இல் அருகிலிருந்து எடுத்தால் ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் வரும். லென்ஸின் குறையல்ல அது; துளை பெரிதானால் தெளிவாக விழும் ஆழம் குறுகிவிடும். எஃப் 2.8-க்கு மாற்றி, ஒற்றை ஃபோகஸ் புள்ளியை அருகிலுள்ள கண்ணில் வையுங்கள்.