பீன்ஸ் செடிக்கு எந்தத் தண்ணீர்?

கேள்வி: மாடியில் பைகளில் குத்துச்செடி பீன்ஸ் வைத்திருக்கிறேன். வீணாக்க மனமில்லாமல் ஆர்.ஓ. மெஷின் கழிவு நீரைத்தான் ஊற்றுகிறேன். இலை ஓரமெல்லாம் கருகுகிறது. சத்து போதவில்லையோ என்று அரிசி களைந்த தண்ணீர், மீந்த மோர், டீ எல்லாம் கொடுத்துவிட்டேன். வேறென்ன ஊற்றலாம்? - வாசகி, கோவை

பதில்: புதிதாக எதுவும் ஊற்ற வேண்டாம். எனக்குச் சந்தேகம் அந்த ஆர்.ஓ. தண்ணீர் மேல்தான்.

மெஷின் நமக்கு நல்ல தண்ணீரைக் கொடுத்துவிட்டு, அதிலிருந்த உப்பையும் சேர்த்துக் கழிவில் தள்ளுகிறது. பையில் ஊற்றிய தண்ணீர் ஆவியாகிவிடும். உப்பு மண்ணிலேயே தங்கும். உப்பு ஏற ஏற, வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மண் ஈரமாக இருக்கும், செடி தாகத்தில் கருகும். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா, பாருங்கள்.

அதிலும் பீன்ஸ் உப்புக்கு ரொம்பவே சொணங்கும். ஊற்றும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் சுமார் 450 பிபிஎம் தாண்டினாலே காய்ப்பு குறையத் தொடங்கும். நம் தட்டைப்பயறோ 2,000 வரைகூடத் தாக்குப்பிடிக்கும். போர் தண்ணீரே உப்பாக இருக்கிற வீடுகளில் நான் தட்டைப்பயறைத்தான் போடச் சொல்வேன்.

இப்போது செய்ய வேண்டியது: பையின் அடித்துளை அடைக்காமல் இருக்கிறதா பாருங்கள். நல்ல தண்ணீரை அடியில் ஒழுகி ஓடும்வரை ஊற்றுங்கள். அரை மணி நேரம் விட்டு இன்னொரு முறை. அப்புறம் விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும். சதா ஈரத்திலேயே நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் அடி இலை மஞ்சளாகும். ஏ.சி. தண்ணீரில் உப்பு அநேகமாக இருக்காது, தாராளமாக ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவு வாசல் கழுவ இருக்கட்டும்.

அரிசி களைந்த தண்ணீரை அன்றன்றைக்கே ஊற்றினால் கெடுதல் இல்லை. பெரிய சத்தும் இல்லை. மோரில் உப்புப் போட்டிருந்தீர்களா? (மீந்த மோர் என்றால் போட்டுத்தானே இருக்கும்!) சர்க்கரை போட்ட டீ எறும்புக்கு விருந்து.

சத்து பற்றிய கவலைக்கு ஒரு சோதனை. ஒரு செடியைப் பிடுங்கி, வேரில் கடுகு, மிளகு அளவு முடிச்சுகள் இருக்கின்றனவா பாருங்கள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், காற்றிலிருந்து தழைச்சத்தைச் செடி தானே சேர்த்துக்கொள்கிறது என்று அர்த்தம்.

கருகிய இலை மறுபடி பச்சையாகாது. இரண்டு வாரம் கழித்து வரும் துளிரின் ஓரத்தைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.