சுவருக்கு என்ன ரேட்?

கேள்வி: நான் அரசு கவின்கலைக் கல்லூரியில் ஓவியம் படித்தவன். வயது 28. பகலில் ராயபுரத்தில் ஓர் அச்சகத்தில் டிசைனர் வேலை. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, கட்சி நோட்டீஸ் என்று நாள் போகிறது. இரவில் கேன்வாஸ். இந்த வேலை என் கலையைத் தின்கிறது. விட்டுவிட்டு முழுநேர ஓவியன் ஆகிவிடலாமா? மாதம் 24,000 ரூபாய் வந்தால் வீடு ஓடிவிடும். போன மாதம் லீவு போட்டு, எங்கள் தெருமுனை பிரியாணிக் கடைச் சுவரில் நான்கு நாள் வரைந்தேன். பெயின்ட் செலவையும் சேர்த்து 3,500 கொடுத்தார்கள். பேரம் பேச மனம் வரவில்லை. ‘வாணிகப் பரிசிலன் அல்லேன்’ என்று சங்கப் புலவரே சொல்லியிருக்கிறார் அல்லவா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: புலவரைத் துணைக்கு அழைத்தது நீங்கள்தான், அதனால் முதலில் அவர் வழக்கைப் பார்த்துவிடுவோம். அது புறநானூற்றின் 208-ஆவது பாட்டு. பாடியவர் பெருஞ்சித்திரனார். குன்றும் மலையும் தாண்டி அதியமானைப் பார்க்க வருகிறார். அவனோ நேரில் பார்க்காமலே பொருளைக் கொடுத்தனுப்புகிறான். முகம் பார்க்காமல் தருவதை வாங்கிப்போக நான் வியாபாரி இல்லை என்று புலவருக்குக் கோபம். பாட்டு அதோடு முடியவில்லை. தினையளவே ஆனாலும் என் தகுதியை அறிந்து, மதித்துக் கொடுத்தால் போதும் என்கிறார். காசு வேண்டாம் என்று எங்கே சொன்னார்?

இதே பெருஞ்சித்திரனார் இன்னொரு முறை, இளவெளிமான் என்பவன் கொடுத்த சொற்பப் பரிசை வாங்க மறுத்துவிட்டுக் குமணனிடம் போகிறார். அங்கே ஒரு யானையைப் பரிசாக வாங்கிக்கொண்டு திரும்பி வந்து, அதை இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டுகிறார். இது நான் உனக்குத் தரும் பரிசு, வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். பிரியாணிக் கடைக்காரர் 3,500 ரூபாயை நீட்டியபோது உங்களுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டிய பாட்டு அதுதான். 162-ஆவது.

சரி, கணக்குக்கு வருவோம். முழுநேர ஓவியன் ஆகிவிட்டால் மாதத்தில் எத்தனை நாளுக்குக் கூலி வரும் என்று நினைக்கிறீர்கள்? சுவர் பார்க்கப் போகும் நாள், ஆண்டர்சன் தெருவில் பேப்பருக்கு அலையும் நாள், மழை நாள், பாக்கி வசூலுக்கு நடக்கும் நாள் எல்லாம் போக, உங்கள் சொந்தப் படத்துக்கும் நாள் வேண்டும். (அதற்காகத்தானே இவ்வளவு பாடு?) பன்னிரண்டு நாள் தேறினால் நல்ல மாதம். 24,000-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 2,000. நான்கு நாள் சுவருக்கு உங்கள் உழைப்பு மட்டும் 8,000. பெயின்ட், சாரம், கூட நிற்கும் பையனின் கூலி தனி. நீங்கள் வாங்கியதோ 3,500, அதிலும் பெயின்ட் காசு போய்விட்டது. லீவுக்குச் சம்பளம் பிடித்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரை வரைந்ததற்குக் கடைக்காரருக்கு நீங்கள் பணம் கொடுத்திருக்கிறீர்கள்.

அவர் உங்களை ஏமாற்றவும் இல்லை. நீங்கள் ரேட் சொல்லவில்லை, அவர் தோன்றியதைக் கொடுத்தார். ஆனால் அவர் கடையில் அரை பிளேட் என்ன விலை, முழு பிளேட் என்ன விலை என்று போர்டு மாட்டியிருப்பார். அந்த போர்டை எழுதியவரும் நீங்களாகத்தான் இருக்கும்.

உங்கள் பக்கத்திலேயே இதற்கு ஆசான்கள் இருக்கிறார்கள். மூலக்கொத்தளம் சுடுகாடு வரை அடித்துக்கொண்டு போகும் பேண்டு செட்காரர்களையும், துக்க வீட்டில் விடிய விடியக் கானா பாடுகிறவர்களையும் கவனியுங்கள். இத்தனை பேர், இத்தனை மணி நேரம், இவ்வளவு அட்வான்ஸ் என்று முதலிலேயே பேசிவிடுவார்கள். பேசிய பிறகு அவர்கள் பாடுவதைக் கேட்டு அழாதவர் இல்லை. ரேட் பேசியதால் கானா கெட்டுப்போனது என்று வடசென்னையில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காசு கேட்கக் கூச்சப்படுவது பெரும்பாலும் பட்டம் வாங்கிய கலைஞர்களுக்கு வரும் வியாதி.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். உங்கள் கல்லூரிக்கே ஒரு காலத்தில் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், 1966-ல் தம் மாணவர்களோடும் நண்பர்களோடும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். நவீன ஓவியத்தைச் சென்னையில் வாங்க ஆள் இல்லாத காலம் அது. அவர்கள் என்ன செய்தார்கள்? துணியில் மெழுகு வைத்துச் சாயம் தோய்த்து பத்திக் போட்டார்கள், வேறு கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். நிலம் வாங்கிய காசு அதிலிருந்து வந்தது. படம் வரைய நேரம் வாங்கிக் கொடுத்ததும் அதுதான். கோட்டோவியத்துக்குப் பேர்போன ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் டிசைனராகச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். பத்திரிகைகளுக்கும் வரைந்தார். அவருடைய கோடு எந்த விதத்தில் நலிந்துபோனது, சொல்லுங்கள்? உங்கள் கலையைக் கண்ணீர் அஞ்சலி தின்கிறது என்று நான் நம்பவில்லை. முகூர்த்த சீசனில் ராத்திரி பத்து மணி வரை உட்காரவைத்தால் அது தின்னும். முதலாளியிடம் பேச வேண்டியது அந்த நேரத்தைப் பற்றி.

இன்னொன்று. 2000-களில் பிளெக்ஸ் வந்தபோது, கையால் பேனர் வரைந்துகொண்டிருந்த எத்தனையோ பேர் சில வருடங்களில் வேலை இழந்தார்கள். அவர்கள் கைத்திறனில் ஒரு குறையும் இல்லை. காசு வந்த வழி ஒன்றே ஒன்றாக இருந்தது, அது அடைபட்டது. இன்று கம்ப்யூட்டரில் நாலு வார்த்தை தட்டினால் படம் வருகிறது, நாளை உங்கள் அச்சகத்துக்கும் அது வரும். அதனால் அச்சகம், சுவர், பத்திரிகைப் படம், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு என்று நாலு வழி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றிலிருந்து வரும் பணம் ஒரு வருடம் தொடர்ந்து சம்பளத்தைத் தொட்டால் மறுபடி எழுதுங்கள், அப்போது பதில் வேறாக இருக்கலாம்.

அதுவரை செய்ய வேண்டியது காகித வேலை. உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கக் கொட்டேஷன் எழுதுங்கள். அளவு, நாள், தொகை, எத்தனை திருத்தம் வரை இலவசம், பாதிப் பணம் முன்னால், மீதி எந்தத் தேதி. அப்புறம் பதிப்புரிமை. பலர் தவறாக நினைப்பது இங்கேதான். 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்தின் பதிப்புரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அவருக்கே போகிறது. நாளை பிரியாணிக்காரர் பத்து கிளை திறந்து, பத்திலும் உங்கள் படத்தை அச்சடித்து ஒட்டினால் நீங்கள் வேடிக்கை பார்க்கலாம். ‘பதிப்புரிமை ஓவியருக்கே’ என்று ஒரு வரி எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அச்சகத்தில் வேலையின் பகுதியாக வரைவது முதலாளிக்குச் சொந்தம், வீட்டில் உங்களுக்காக வரைவது உங்களுக்கு. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் கலக்காதீர்கள்.

படத்தை வரைந்தது நான்தான் என்று சொல்லும் உரிமையும், அதைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் பதிப்புரிமை கைமாறினாலும் உங்களை விட்டுப் போகாது. டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்த தம் சுவர்ச் சிற்பத்தைப் பெயர்த்தெடுத்ததற்காக அமர்நாத் சேகல் அரசாங்கத்தின் மேலேயே வழக்குப் போட்டார். 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம் சிற்பத்தைத் திருப்பிக் கொடுத்து 5 லட்சம் ரூபாய் நஷ்டஈடும் தரச் சொன்னது. உங்கள் சுவரில் கையெழுத்துப் போட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

கம்பெனிகளுக்கு டிசைன் செய்து கொடுத்தால் ‘உத்யம்’ என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவைச் செய்துகொள்ளுங்கள். ஆதாரும் பான் கார்டும் போதும், கட்டணம் கிடையாது. பதிவு செய்த சிறுதொழில்காரருக்கு 45 நாளுக்கு மேல் பணத்தை இழுத்தடித்தால், வாங்கியவர் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. வழக்குக்குப் போகவே வேண்டியதில்லை. பில்லின் அடியில் அந்த ஒரு வரியை அச்சடித்தாலே அக்கவுண்ட்ஸ் செக்ஷனில் கொஞ்சம் வேகம் வரும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் பின்குறிப்பு. இட நெருக்கடியால் அதை மேலே அச்சிடவில்லை. ‘வாய்ப்பு கொடுத்தால் உங்கள் பத்திரிகைக்கு இலவசமாகவே வரைந்து தருகிறேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. கதைக்கு வரையும் முழுப்பக்கப் படத்துக்கு நாங்கள் 2,500 ரூபாய் தருகிறோம், இதழ் வெளிவந்த மாதக் கடைசியில். மாதிரிக்கு மூன்று கோட்டோவியங்கள் அனுப்புங்கள். கூடவே உங்கள் ரேட்டையும் எழுதி அனுப்புங்கள். 2,500 குறைவு என்று பட்டால் அதையும் எழுதுங்கள், பேசிக்கொள்ளலாம்.