பெடல் கயாக்கில் (காலால் மிதித்து ஓட்டும் சிறு படகு) திசைதிருப்பும் கைப்பிடி இடப்பக்கம் மட்டும் வேலை செய்யவில்லை என்றால்

கைப்பிடியைக் கழற்றவே வேண்டாம். வலப்பக்கம் ஒழுங்காகத் திரும்பி, இடப்பக்கம் மட்டும் கைப்பிடி லொடலொடவென்று சும்மா போகிறது என்றால், பின்னால் சுக்கானுக்குப் போகும் இரண்டு கயிறுகளில் ஒன்று தளர்ந்திருக்க வேண்டும். கயிறு இழுக்கும், தள்ளாது. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் படுத்துவிடுகிறது. புதுக் கயாக்கில் இது சகஜம். முடிச்சு இறுகும்போது கொஞ்சம் தொய்வு விழும்.

கரையிலேயே சோதித்துவிடலாம். சுக்கானை முழுதாக இறக்கி, ஒருவரை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டுக் கைப்பிடியை மெதுவாகத் திருப்புங்கள்.

1. ஒரு பக்கம் மட்டும் வெறுமனே நகர்ந்தால், கயிறுதான். கைப்பிடி, சுக்கான் இரண்டையும் நடுவில் வைத்து, சுக்கான் முனையில் கயிற்றைப் பிடித்திருக்கும் திருகைத் தளர்த்துங்கள். தொய்வை இழுத்து மறுபடி முடுக்குங்கள்.

2. கயிறு அசையாமல் கைப்பிடி மட்டும் இரண்டு பக்கமும் வழுக்கினால், அதைத் தண்டோடு பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கிறது. அதை முடுக்கினால் சரி.

வீணைத் தந்தி மாதிரி விறைக்க இழுத்துவிடாதீர்கள். கைப்பிடி கனத்துப்போகும், கயிறும் உரசித் தேயும். இலேசாக ஆட்டம் இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் கவனம்: கயிறு பிரி பிரியாக இருந்தாலோ, படகின் உடலுக்குள் ஓடும் குழாயிலிருந்து விலகியிருந்தாலோ நீங்கள் கை வைக்காதீர்கள். படம் எடுத்து, வாரண்டியில் விற்றவரிடமே கேளுங்கள். அதுவரை ஆழமான தண்ணீருக்கோ காற்றடிக்கும் நாளிலோ கொண்டுபோக வேண்டாம். போனாலும் துடுப்பு கையில் இருக்கட்டும்.