பலர் பதிவு செய்கிறார்கள், ஆனால் திரும்பி வருவதில்லை: என்ன செய்யலாம்?

அட்டவணை, குறிப்பு, பணிப் பட்டியல் என எதையும் உருவாக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருளில் புதியவர்களை எப்படித் தக்கவைப்பது, இலவசத் திட்டத்தில் எதை அடக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த வகை மென்பொருளின் பலமே அதன் சிக்கலும். எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்றால், முதலில் எதைச் செய்வது? வெற்றுப் பக்கத்தைப் பார்த்ததுமே பலர் மூடிவிடுவார்கள். அதற்காக நீளமான அறிமுகச் சுற்றுக் காட்டினால், ‘அடுத்து, அடுத்து’ என்று தட்டிவிட்டுப் போவார்கள் (நானும் அப்படித்தான்). அதைவிட, ‘எந்த வேலைக்காக வந்தீர்கள்?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதிலுக்கேற்ற டெம்ப்ளேட்டை (முன்பே வடிவமைத்து வைத்த பக்கத்தை) மாதிரித் தகவலோடு திறந்து காட்டுங்கள். அந்த மாதிரித் தகவலை ஒரே தட்டில் அழிக்கவும் முடிய வேண்டும். இன்னும் நல்லது, அவரிடம் ஏற்கெனவே இருக்கும் எக்செல் கோப்பை உள்ளே கொண்டுவர வைப்பது. தன் சொந்தத் தகவலைத் திரையில் பார்த்தவர் அவ்வளவு எளிதில் கிளம்ப மாட்டார். ஃபார்முலா, ஆட்டோமேஷன் எல்லாம் அப்புறம், தேவை வரும்போது சொல்லிக்கொள்ளலாம்.

இலவசத் திட்டத்தின் வரம்பு, கற்றுக்கொள்ளும் கட்டத்தில் குறுக்கே வரக் கூடாது. இதே வகை மென்பொருளான நோஷன், 2020இல் தனிநபர்களுக்கான 1,000 பிளாக் (பத்தி, படம் போன்ற ஒவ்வொரு துண்டும் ஒரு பிளாக்) வரம்பை நீக்கியது. முக்கியமாகக் குழுவாகச் சேர்பவர்களிடம் கட்டணம் எதிர்பார்க்கிறது. அலுவலகக் குழுக்கள் அரட்டையடிக்கும் செயலியான ஸ்லாக், 2022இல் இலவசத் திட்டத்தின் 10,000 செய்தி வரம்பை விட்டு, கடைசி 90 நாள் செய்திகளை மட்டும் பார்க்கலாம் என்று மாற்றியது. நாள் கணக்கு என்றால் எது எப்போது மறையும் என்று முன்பே தெரியும்.

வரம்பைத் தொட்டாலும் பழைய தகவலைப் பூட்டாதீர்கள். புதிதாகச் சேர்ப்பதை மட்டும் நிறுத்துங்கள், படிக்கவும் ஏற்றுமதி செய்யவும் விடுங்கள்.