தேன்பெட்டிச் சட்டங்கள்: எது கீழே, எது மேலே?

வணக்கம் நண்பரே. உச்சிப்புளியில் வாங்கிய பெட்டியில் ஈக்கள் அடை கட்டும் மரச் சட்டங்கள், உயரமும் குட்டையுமாகக் கலந்து வந்திருக்கின்றன, எது எங்கே என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வது நியூட்டன் பெட்டி, அடுக்கடுக்காக அடை கட்டும் நம் அடுக்குத் தேனீக்கானது.

தாங்கியின் மேல் அடிப்பலகை, நுழைவாயில் அதில்தான். அதற்கு மேல் புழு அறை. உயரச் சட்டங்கள் ஏழும் இங்கே. ராணி முட்டையிடுவதும் புழு வளர்வதும் இதில்தான், அதனால் இந்த அடைகளிலிருந்து தேன் எடுக்கவே வேண்டாம். குட்டைச் சட்டங்கள் மேலே தேன் அறைக்கு. பிறகு உள்மூடி, மேல்மூடி.

தேன் அறையை இப்போதே ஏற்றாதீர்கள். கீழ்ச் சட்டங்கள் எல்லாவற்றிலும் ஈக்கள் நிறைந்த பிறகு வையுங்கள். அதற்கு முன்பே வைத்தால் சிறிய கூட்டம் அவ்வளவு இடத்தையும் காக்கத் திணறும். ஒரு சட்டத்தைக்கூட வைக்காமல் விட்டுவிடாதீர்கள். காலி இடம் கிடைத்தால் அங்கே கோணல்மாணலாக அடை கட்டிவிடும், பிறகு சட்டத்தைத் தூக்கவே முடியாது.

வாசல் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக்கு நேராக இருக்கக் கூடாது, கிழக்கே திருப்புங்கள். எறும்பு ஏறாமல் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். நம் பக்கத்து வெயிலில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், தினமும் பாருங்கள். குடிக்கவும் பக்கத்தில் நல்ல தண்ணீர் வேண்டும். சீமைக்கருவேலம் பூக்கும்போது கூட்டம் தானே பெருகும், தேன் அறையை அப்போது ஏற்றலாம்.