காணியில் நிற்பது விடத்தலா, சீமைக்கருவேலா?

கேள்வி: மன்னார் மாவட்டத்து அடம்பன் பக்கம் எங்கள் காணி பல வருடமாகப் பராமரிப்பில்லாமல் கிடந்தது. இப்போது ஆளுயரத்துக்கு மேல் முட்பற்றை. சீமைக்கருவேல் என்று சொல்லி, பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) பிடித்து முழுவதையும் தள்ளச் சொல்கிறார்கள். ஆடுகளோ விரும்பி மேய்கின்றன. படம் அனுப்பியிருக்கிறேன். இது என்ன செடி?

பதில்: படத்தில் முள்ளின் மேலேயே இலை துளிர்த்திருக்கிறது. இது விடத்தல், நம் வறண்ட நிலத்தில் இயல்பாக வளரும் செடி. தாவரவியலில் டைக்ரோஸ்டாக்கிஸ் சினேரியா என்பார்கள். விடத்தலின் முள் உண்மையில் நுனி கூரான ஒரு குறுங்கொப்பு. அதனால்தான் அதிலிருந்து இலை வருகிறது. சீமைக்கருவேலின் முள் இலைக்கணுவில், பெரும்பாலும் சோடியாக இருக்கும். முள்ளில் இலை வராது.

இலையையும் ஒருக்கால் பாருங்கள். சீமைக்கருவேலில் நடுக்காம்பிலிருந்து ஒன்றிரண்டு சோடிக் கிளைக்காம்புகள்தான் பிரியும். விடத்தலில் பல சோடி, சிற்றிலைகளும் மிக நுண்ணியவை. பூத்துவிட்டால் சந்தேகமே வராது: தொங்கும் பூங்கொத்தின் மேற்பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். இவ்வளவு அழகான பூ நம் பற்றைக்காட்டில் குறைவு. காய்கள் முறுக்கிச் சுருண்டு கொத்தாக இருக்கும். சீமைக்கருவேலின் காய் நீண்டு, மஞ்சளாகப் பழுக்கும். உடை என்ற முள்மரமும் உங்கள் பக்கம் உண்டு, ஆனால் அதற்குக் குடை விரித்த வடிவம், உருண்டைப் பூ.

சரி, அழிக்கலாமா? முழுவதையும் தள்ள வேண்டாம் என்பதே என் கருத்து. விடத்தல் மண்ணில் நைதரசனைச் சேர்க்கும், இலையும் காயும் ஆட்டுக்குத் தீனி, வெட்டிய கொப்பு வேலி அடைக்க நல்ல அலம்பல் (முட்கொப்பு). எல்லையோரமாக ஒரு வரிசையை விட்டுவிடுங்கள்.

பயிர் செய்யும் இடத்தில் எடுக்கத்தான் வேண்டும். வேரை விட்டு அடியில் மட்டும் வெட்டிவிட்டுப் போனால் வேரிலிருந்து பல முளை கிளம்பும். மாரி மழையில் மண் இளகியதும் வேரோடு கிளறி எடுங்கள், பிறகு வரும் கன்றுகளைச் சின்னதிலேயே பிடுங்குங்கள். காய் தின்ற ஆட்டின் புழுக்கையிலும் விதை முளைக்கும், அந்த எருவைத் தோட்டத்துக்குப் போடும்போது கவனம்.

ஒன்று முக்கியம். போர் நடந்த பகுதியில் நெடுங்காலம் ஆள் புழங்காத காணி என்பதால், கண்ணிவெடி அகற்றப்பட்டு முறையாக ஒப்படைக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் உறுதிசெய்யுங்கள். அதற்கு முன் பெக்கோவோ மண்வெட்டியோ இறக்க வேண்டாம்.