மேற்கு வெயிலுக்கு ஓக்: வளர்ந்த மரமா, சிறு கன்றா?

கேள்வி: வீட்டின் மேற்குச் சுவரில் மாலை வெயில் நேராக அடிக்கிறது. நிழலுக்கு ஓக் வைக்க ஆசை. ஆனால் ஓக் நிழல் தர ஒரு தலைமுறை ஆகும் என்கிறார்கள். அதனால் 12 அடி உயர மரமாகவே வாங்கிவிடலாமா? மண் களிமண், பெருமழை பெய்தால் ஒரு நாள் தண்ணீர் நிற்கிறது. எந்த வகை பொருந்தும்?

பதில்: வகையைத் தேர்ந்தெடுக்கும் முன் மண்ணின் பி.எச். அளவை, அதாவது அது அமிலமா காரமா என்பதை, பார்த்துவிடுங்கள். ஓக் வைத்து ஏமாந்தவர்களில் பலர் இந்த ஒரு சோதனையைத் தவிர்த்தவர்கள்தான். ‘பின் ஓக்’ (pin oak) என்ற வகை வேகமாக வளரும், நர்சரிகளில் சுலபமாகக் கிடைக்கும், நீர் தேங்கும் இடத்தையும் தாங்கும். ஆனால் பி.எச். 7-ஐத் தாண்டிய காரமண்ணில் அதனால் இரும்புச் சத்தை எடுத்துக்கொள்ள முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை முழுவதும் மஞ்சளாகும். சில ஆண்டுகளில் கிளைகள் நுனியிலிருந்து காயத் தொடங்கும். உரம் போட்டு இதைச் சரிசெய்யப் பார்ப்பது ஆண்டுதோறும் தொடரும் வேலை. மண்ணுக்கேற்ற மரத்தை வைப்பதுதான் சுலபம்.

நீங்கள் சொல்லும் களிமண் அமிலத்தன்மையோ நடுநிலையோ கொண்டதாக இருந்தால் என் முதல் தேர்வு ஸ்வாம்ப் வைட் ஓக். தண்ணீர் தேங்கினாலும், மண் இறுகிப்போயிருந்தாலும் சமாளிக்கும்; இடம் மாற்றி நட்டாலும் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். காரமண் என்றால் பர் ஓக். களிமண், வறட்சி, கடுங்குளிர் மூன்றையும் தாங்கும். ஆனால் மிகப் பெரிதாகப் படரும், கொட்டைகளும் பெரியவை. சிவப்பு ஓக் அழகான மரம், வேகமாகவும் வளரும். ஆனால் அதற்கு வடிகால் வேண்டும், உங்கள் இடத்துக்கு வேண்டாம். லைவ் ஓக் குளிர் குறைந்த பகுதிகளுக்கு மட்டும். அது ஆண்டு முழுதும் பச்சையாக இருப்பதால் குளிர்காலத்திலும் வெயிலை மறைக்கும். இலை உதிர்க்கும் ஓக் என்றால் குளிர்கால வெயில் தடையின்றி சுவருக்கு வரும்.

தலைமுறைக் கணக்கு எல்லா ஓக்குக்கும் பொருந்தாது. மண் ஒத்துவந்தால் ஸ்வாம்ப் வைட் ஓக் ஆண்டுக்கு ஓரடி முதல் இரண்டடி வரை வளரும். 5 அடிக் கன்று பத்து ஆண்டில் 20 அடியை எட்டிவிடலாம். மாலை வெயில் சாய்ந்து விழுவதால், 25 அடி தள்ளி நிற்கும் 20 அடி மரத்தின் நிழலே உங்கள் சுவரைத் தொட்டுவிடும். அதைவிட நெருக்கமாக நடாதீர்கள். கிளைகள் 50 அடி அகலத்துக்கு விரியும் மரம் இது. மின்கம்பிக்குக் கீழே எந்தப் பெரிய ஓக்கும் கூடாது.

12 அடி மரத்தை வாங்குவது காசுக்கும் காலத்துக்கும் நஷ்டம். நிலத்திலிருந்து தோண்டி எடுக்கும்போது வேரின் பெரும்பகுதி அங்கேயே அறுபட்டுப்போகிறது. அடிமரத்தின் ஒவ்வொரு 2.5 செ.மீ. விட்டத்துக்கும் மீள ஏறக்குறைய ஓராண்டு என்பது தோட்டக்காரர்களின் கணக்கு. பெரிய மரம் வேரை மீட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் சிறு கன்று வளர்ந்து அதை எட்டிப் பிடித்துவிடும்.

இனி நடும் ஆழம். எல்லாவற்றிலும் முக்கியம் இதுதான். அடிமரம் வேராக விரியும் இடம், அதாவது தூர், தரைமட்டத்தில் வெளியே தெரிய வேண்டும். நர்சரிக் கன்றுகளில் பெரும்பாலும் அது தொட்டி மண்ணுக்குள் புதைந்திருக்கும். மேல்மண்ணை விரலால் விலக்கித் தூரைக் கண்டுபிடித்த பிறகே குழியின் ஆழத்தை முடிவு செய்யுங்கள். ஆழமாக நட்ட மரம் உடனே சாகாது. ஐந்தாறு ஆண்டுகள் நன்றாக இருப்பதுபோல் காட்டி, பிறகு காரணம் தெரியாமல் மெலியும். அப்படி மெலிந்த மரத்தின் தூரைத் தோண்டிப் பார்க்கும்போது, ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் செலவழித்திருக்கலாமே என்று மனம் கனத்துப்போகும். தொட்டிக்குள் வட்டமாகச் சுற்றிய வேர்களையும் நடும்போதே வெட்டி விடுங்கள். விட்டால் பின்னாளில் அவை அடிமரத்தையே நெரிக்கும்.

குழி அகலம் வேர்க்கட்டியைப் போல இரண்டு மூன்று மடங்கு; ஆழம் வேர்க்கட்டியின் உயரத்துக்கு மேல் வேண்டாம். தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். களிமண்ணில் வெட்டிய குழிக்குள் மட்டும் நல்ல மண் நிரப்பினால் அது தண்ணீர்த் தொட்டியாகிவிடும், வேரும் வெளியே போகாது. மேலே 5 முதல் 10 செ.மீ. மூடாக்கு (காய்ந்த இலை, மரத்தூள் போன்ற போர்வை) போடுங்கள், ஆனால் அடிமரத்தைத் தொடாமல். முதல் ஆண்டில் உரம் வேண்டாம். இரண்டு மூன்று கோடைகளுக்கு, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் ஆழமாக ஊற்றுங்கள். களிமண்ணில் தினமும் ஊற்றுவது வேரை அழுக வைக்கும்.

ஓக் வில்ட் என்ற பூஞ்சை நோய் உள்ள பகுதி என்றால் கவாத்தை, அதாவது கிளை வெட்டுவதை, குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். வசந்தம் முதல் கோடை நடு வரை புது வெட்டுக்காயத்தின் சாற்றை நாடி வரும் வண்டுகள் நோயைக் கொண்டுவரும். சிவப்பு ஓக் இனங்கள் அந்த நோயில் சில வாரங்களிலேயே பட்டுப்போகும். வெள்ளை ஓக் இனங்கள் அதைவிட அதிகம் தாக்குப்பிடிக்கும். நான் பரிந்துரைத்த ஸ்வாம்ப் வைட் ஓக், பர் ஓக் இரண்டும் வெள்ளை ஓக் இனத்தைச் சேர்ந்தவை. புயலில் கிளை ஒடிந்து அந்தக் காலத்தில் வெட்டியே ஆக வேண்டுமென்றால் காயத்தின் மேல் உடனே பெயின்ட் பூசுங்கள்.

முதல் குளிர்காலத்தில் இன்னொன்றையும் பார்ப்பீர்கள். இளம் ஓக்குகள் பழுப்பாகிக் காய்ந்த இலைகளை உதிர்க்காமல் வசந்தம் வரை வைத்திருக்கும். கன்று பட்டுப்போய்விட்டதென்று பிடுங்கிவிடாதீர்கள். குச்சியின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.